முகாமுக்கு ஆள் சேர்ப்பவர் கூட்டாளி ஆவது எப்படி?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எங்கள் பகுதியில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய நலக்குழு நடத்துகிறோம். ஒரு மருத்துவமனை, ஒரு செவிலியர் கல்லூரி, உள்ளாட்சி அலுவலகம் மூன்றும் சேர்ந்து, எல்லோருக்கும் சமமான நலவாழ்வு என்ற நோக்கத்தோடு ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கி எங்களையும் அழைத்தார்கள். ஓராண்டாக முகாம்கள் நடக்கின்றன. ஆள் திரட்டுவதும், நாற்காலி போடுவதும், பெயர் எழுதுவதும் எங்கள் வேலை. ஆனால் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வருவதில்லை. கடைக்கோடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் தினக்கூலிக் குடும்பங்களைச் சொல்கிறேன். ‘உங்கள் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று கூட்டத்தில் எங்களிடம் சொல்கிறார்கள். இப்போது மூன்றாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வரைவை இணைத்திருக்கிறேன். கையெழுத்திடலாமா? என்ன கேட்க வேண்டும்? கேட்டால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இந்த வரைவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக உறவை முறித்துக்கொள்ளவும் வேண்டாம். வரைவில் மருத்துவமனைக்குத் ‘தொழில்நுட்பத் தலைமை’, கல்லூரிக்குப் ‘பயிற்சியும் ஆய்வும்’, உள்ளாட்சிக்கு ‘ஒருங்கிணைப்பு’, உங்கள் குழுவுக்கு ‘மக்களைத் திரட்டுதல்’ என்று வேலை பிரித்திருக்கிறார்கள். பணம் யார் கையில் இருக்கும், எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதை யார் தீர்மானிப்பார்கள் என்ற இரண்டு இடத்திலும் உங்கள் பெயர் இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவரைக் கூட்டாளி என்று அழைப்பது கேட்க நன்றாக இருக்கும், வேலைக்கு உதவாது. நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது அந்த இடத்தைத்தான்.

‘விழிப்புணர்வு போதாது’ என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சமூக மருத்துவத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த முகாமில் அந்தக் கடைக்கோடிக் குடும்பத்தின் இடத்தில் நின்று வரிசையைப் பாருங்கள். முகாம் தொடங்குவது காலை பத்து மணிக்கு. கூலி வேலைக்குப் போகிறவர் விடியும்போதே கிளம்பிவிட்டார். முகாமுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். முதல் மேசையில் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். ஓர் அறையில் உரிமையாளருக்குத் தெரியாமல் கூடுதலாக இரண்டு பேரோடு தங்கியிருப்பவர் முகவரி சொல்லத் தயங்குவார். அடுத்த மேசையில் எடையை அளந்து, எழுதுகிறவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறார்கள். அது பின்னால் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிறது. மூன்றாவது மேசையில் ரத்த அழுத்தம். கடைசி மேசையில் ஒரு சீட்டு: ‘மருத்துவரை அணுகவும்.’ எந்த மருத்துவரை, எந்த நாளில், எந்த பஸ்ஸில், யார் செலவில் என்று அந்தச் சீட்டில் எதுவும் இல்லை.

இதில் மருத்துவப் பிழை ஒன்றும் இருக்கிறது. வயது வந்தவருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு என்று சொல்ல, இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்து இரண்டிலும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 என்பதைத் தொட்டிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே நாள் முகாமில் அளந்துவிட்டுப் போனால் நோயை உறுதி செய்யவும் முடியாது, சிகிச்சையைத் தொடரவும் முடியாது. பயத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அந்தக் குடும்பங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வராமல் இருக்கின்றன. அவர்கள் கணக்கு சரியானது.

யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பதை ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971இல் ‘லான்செட்’ இதழில் ஒரு விதியைப் போல எழுதினார். ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று மருத்துவ உலகம் இன்றும் அதை எடுத்தாள்கிறது. அவர் வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் குடும்ப மருத்துவராக இருந்தவர். கட்டுரை எழுதியதோடு நிற்காமல், தன் பொறுப்பில் இருந்த ஊர் மக்களின் ரத்த அழுத்தத்தை ஆள் விடாமல் அளக்க முனைந்தார். தானாக வராதவர்களைத் தேடிப் போனார். வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது எல்லோரும் செய்வது. அவர் வராதவர் யார் யார் என்று பட்டியல் வைத்திருந்தார். உங்கள் திட்டத்தில் அந்தப் பட்டியல் இல்லை. அதை உங்கள் குழுவால் மட்டுமே தயாரிக்க முடியும். மருத்துவமனையாலும் முடியாது, கல்லூரியாலும் முடியாது. பேரம் பேச உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் இருப்பது இதுதான்.

நீங்கள் உங்களை மிகவும் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. ‘எங்களுக்கு மருத்துவம் தெரியாது’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக 1854ஆம் ஆண்டு லண்டனுக்குப் போய் வருவோம்.

சோஹோ பகுதியில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிராட் தெருக் கிணற்றின் அடிகுழாய்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்தார் என்ற கதை எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொருவர் ஹென்றி வைட்ஹெட். அந்தப் பகுதியின் இளம் பாதிரியார், மருத்துவம் படிக்காதவர். ஸ்னோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. தவறென்று காட்டுவதற்காகவே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். அந்த மக்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள். ஏனென்றால் அவர்களுடைய சாவு வீடுகளில் உடன் இருந்தவர் அவர். யார் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனவர், ஸ்னோ சொன்னதுதான் சரி என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு மேலும் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்திருந்தது. குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்புறக் கழிவுக் குழியில் கொட்டியிருந்தாள். தோண்டிப் பார்த்தபோது குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய், பக்கத்திலேயே இருந்த கிணற்றுக்குள் கசிவு இறங்குவது தெரிந்தது. ஸ்னோவிடம் கோட்பாடு இருந்தது. தொற்று எங்கிருந்து கிணற்றுக்குள் போனது என்ற விடையைக் கொண்டுவந்தவர் வைட்ஹெட்.

அந்தக் கூட்டணியில் வைட்ஹெட்டின் வேலை ‘மக்களைத் திரட்டுதல்’ அல்ல என்பதைக் கவனியுங்கள். அவர் கேள்வி கேட்டார், மறுத்தார், தகவல் சேகரித்தார், முடிவை மாற்றும் ஆதாரத்தைக் கொண்டுவந்தார். கடைக்கோடிக் குடியிருப்பில் எந்த வீட்டில் யார் இரவுப் பணிக்குப் போகிறார், எந்தப் பெண் கணவருக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அது மருத்துவ அறிவுக்குக் கீழே வைக்க வேண்டிய அறிவு அல்ல.

அடுத்தது, ‘விழிப்புணர்வுப் பணியை மட்டும் நீங்கள் செய்யுங்கள், மருத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வேலைப் பிரிவினை. இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் 52 முடிதிருத்தும் கடைகளில், ரத்த அழுத்தம் மிகவும் கூடியிருந்த 319 வாடிக்கையாளர்களைச் சேர்த்து நடத்தினார்கள். ரொனால்டு விக்டர் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கடைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், முடிதிருத்துபவர் வாழ்க்கை முறையை மாற்றும்படியும் மருத்துவரைப் பார்க்கும்படியும் எடுத்துச் சொன்னார். இன்னொரு பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே கடைக்கு வந்தார். அந்த நபரின் மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்தைத் தொடங்கி, அளவைக் கூட்டிக் குறைத்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அளவு சராசரியாக ஏறக்குறைய 9 புள்ளி இறங்கியது. இரண்டாவது பிரிவில் 27 புள்ளி.

இரண்டு பிரிவிலும் அதே நகரம், அதே நம்பிக்கைக்குரிய நாற்காலி. ஒன்றில் நம்பிக்கையோடு அறிவுரை மட்டும் சேர்ந்தது. மற்றதில் சிகிச்சையே அந்த இடத்துக்கு வந்தது. இதை அடுத்த கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள். ‘மக்கள் எங்களை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை இருக்கும் இடத்துக்கு நீங்கள் என்ன கொண்டுவரப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். மாதம் இருமுறை மாலை ஏழு மணிக்கு ஒரு செவிலியர் அந்தக் குடியிருப்பிலேயே உட்கார்ந்து, அதே நபர்களை மீண்டும் மீண்டும் அளந்து, மருந்து தீராமல் பார்த்துக்கொண்டால், பெரிய பந்தல் போட்டு நடத்தும் பல முகாம்களைவிட அதிகம் நடக்கும். புகைப்படத்துக்கு மட்டும் அது பொருந்தாது. செலவு அதிகமாகாது என்று நான் சொல்லவில்லை. செலவு ஒரே நாளில் கரையாமல் ஆண்டு முழுவதும் பரவும்.

இன்னொரு உதாரணம் உங்கள் குழுவுக்கு நெருக்கமானது. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழுக்களை அமைத்தார்கள். குழுவை நடத்தியவர் உள்ளூர்ப் பெண். மருத்துவப் பணியாளர் அல்ல. பாடம் நடத்தவில்லை. பிரசவத்திலும் அதற்குப் பிறகும் எங்கே சிக்கல் வருகிறது என்று பெண்களே பேசினார்கள், எதை முதலில் சரிசெய்வது என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள், சேமிப்பு நிதி, தூக்குப் படுக்கை என்று தங்களுக்குத் தோன்றிய வழிகளைச் செய்து பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் இறப்பு மற்றப் பகுதிகளைவிட 30 சதவீதம் குறைந்திருந்தது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் என்ற அமைப்பு அதே முறையில் நடத்திய ஆய்வில் குறைவு 32 சதவீதம். மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. வசதியுள்ளவரிடம் முதலில் போய்ச் சேர்ந்து ஏழையிடம் கடைசியாக வருவதுதான் பெரும்பாலான நலத் திட்டங்களின் தலையெழுத்து. இங்கே அது மாறியது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

இதில் எச்சரிக்கையும் உண்டு. வங்கதேசத்தில் நடந்த முதல் ஆய்வில் இதே முறை பலன் தரவில்லை. மக்கள்தொகையோடு பார்க்கும்போது அங்கே குழுக்கள் மிகவும் குறைவு. பின்னால் குழுக்களை நெருக்கமாக அமைத்து மீண்டும் செய்தபோது பலன் கிடைத்தது. ஆகவே ‘மாதிரிக்கு ஒரு குழு நடத்திப் பார்ப்போம்’ என்று கூட்டாளிகள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு குழு நடத்திவிட்டுப் பலனில்லை என்று கைகழுவுவதற்கு அது வழி செய்துவிடும். சிறிய பகுதியாக எடுங்கள். அந்தப் பகுதியை முழுவதுமாக எடுங்கள். உங்கள் விஷயத்தில் அது கடைக்கோடிக் குடியிருப்பு ஒன்று மட்டும் என்றாலும் போதும்.

அவர்களைப் பேச விட்டால் மருத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயங்கள்தான் முதலில் வரும் என்பதற்கும் தயாராக இருங்கள். வாடகை, தண்ணீர், வேலை, கழிப்பறை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பேயூ என்ற சிற்றூரில் 1960களின் பிற்பகுதியில் ஜாக் கைகர் என்ற மருத்துவரும் ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளரும் நலவாழ்வு மையம் ஒன்றை அமைத்தார்கள். ஊர்ப் பேச்சுகளில் மக்கள் முதலில் கேட்டது மருத்துவமனை அல்ல, உணவும் வேலையும். குழந்தைகள் சத்துக் குறைவால் நோயுற்று வந்தபோது கைகரின் குழுவினர் மருந்துச் சீட்டில் உணவுப் பொருள்களை எழுதினார்கள். செலவை மருந்துக் கணக்கில் காட்டினார்கள். அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். சத்துக் குறைவுக்கு மருந்து உணவுதானே என்பது அவர்களுடைய பதில். கிணறு தோண்டினார்கள், கழிப்பிடங்கள் கட்டினார்கள், விவசாயக் கூட்டுறவு ஒன்றும் அந்த முயற்சியிலிருந்து எழுந்தது. உங்கள் கூட்டணியில் உள்ளாட்சி அலுவலகம் இருப்பதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. முகாமைத் திறந்து வைக்க அவர்களை அழைப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீர் இணைப்புக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் அவர்களைப் பொறுப்பாக்குங்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன்.

ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களை ஆட்டுவிப்பதும், குறை அவர்களிடம்தான் என்று அவர்களுக்குச் ‘சிகிச்சை’ தருவதும் இருக்கின்றன. நடுவில் தகவல் தருவது, கருத்துக் கேட்பது, பெயருக்கு இடம் தருவது. ஆறாவது படியில்தான் கூட்டாண்மை வருகிறது. அதாவது மக்களும் அதிகாரத்தில் இருப்பவரும் பேசி முடிவெடுக்கும் நிலை. உங்கள் வரைவு நான்காவது படியில் நிற்கிறது. ‘சமூகத்தின் கருத்துகள் அவ்வப்போது பெறப்படும்’ என்ற வரியைப் படித்தாலே தெரியும். பெற்ற கருத்தை என்ன செய்வார்கள் என்று அடுத்த வரியில் இல்லை.

அதனால் ஒருங்கிணைப்புக் குழுவில் பாதி இடம் கேளுங்கள். ஒரு பிரதிநிதி போதாது. எட்டுப் பேர் படித்த மொழியில் பேசும் அறையில் தனியாக உட்காரும் ஒரு பெண் என்ன பேச முடியும் என்று உங்களுக்கே தெரியும். பாதி என்பது பேராசையும் அல்ல. பிரேசில் நாட்டில் நகரம் முதல் நாடு வரை எல்லா மட்டத்திலும் உள்ள சுகாதார மன்றங்களில் பாதி இடம் சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்கு என்று 1990இலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள். உங்களுடைய பாதியிலும் இரண்டு இடமாவது கடைக்கோடிக் குடியிருப்புக்குப் போக வேண்டும். இதைச் சொல்வதற்குத் தயக்கம் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: உங்கள் குழுவிலும் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர்கூட இல்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. மருத்துவமனை உங்களை நடத்துவது போல நீங்கள் அவர்களை நடத்திவிடக் கூடாது. கூட்ட நேரம் அவர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும். இடம் அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். கூட்டத்துக்கு வரும் மருத்துவரும் பேராசிரியரும் அலுவலரும் சம்பளத்தோடு வருகிறார்கள். சம்பளம் இல்லாமல் வருவது உங்கள் ஆட்கள் மட்டும்தான். சமூக நலப் பணியாளர்களுக்கு வேலையின் அளவுக்கு ஏற்ற ஊதியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. சேவை மனப்பான்மை என்ற பெயரில் ஏழைப் பெண்களின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு சமத்துவத்தைப் பற்றிப் பேசுவது தகாது. இழந்த கூலிக்கும் போக்குவரத்துக்கும் ஒரு தொகையை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகையைச் செலவிடும் அதிகாரம் உங்கள் குழுவிடம் இருக்கட்டும். கணக்கை மாதாமாதம் எல்லோர் முன்னும் வைப்பது உங்கள் கடமை.

செவிலியர் கல்லூரி ‘ஆய்வு’ என்று எழுதியிருக்கும் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். முகாமில் சேகரிக்கும் விவரங்கள் கல்லூரிக்குச் சொந்தம் என்கிறது அது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990களில் ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமல் மனநோய் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். வழக்கு நடந்து, 2010இல் ஆய்வு நடத்திய பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, மீதமிருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. மாதிரிகளை அந்த மக்கள் நேரில் போய் வாங்கி வந்தார்கள். கனடாவின் பழங்குடி மக்கள் 1998இலேயே இதற்கு நான்கு நிபந்தனைகள் வகுத்திருக்கிறார்கள்: தகவல் சமூகத்துக்கு உரியது, அதை என்ன செய்வது என்பது சமூகத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், தன்னைப் பற்றிய தகவலைச் சமூகம் எப்போதும் பார்க்க முடிய வேண்டும், அதைத் தன் வசமே வைத்திருக்கவும் முடிய வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இவ்வளவும் வராமல் போகலாம். சேகரித்த நோக்கத்துக்கு அப்பால் எதற்குப் பயன்படுத்தினாலும் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும், எந்த முடிவையும் வெளியிடும் முன் உங்கள் குழுவுக்குக் காட்ட வேண்டும், அதைச் சாதாரண மொழியில் மக்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திட்டம் வெற்றியா என்பதை எப்படி அளப்பது என்ற பகுதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பயனாளிகள் எண்ணிக்கை’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பிரதான சாலையில் வசிப்பவர்கள் இருமடங்கு வந்து, கடைக்கோடியில் ஒருவரும் வராமல் இருந்தாலும் அந்த எண்ணிக்கை உயரும். சராசரி நன்றாக ஆகிக்கொண்டே இருக்க, இடைவெளி அகலமாகிக்கொண்டே போகலாம். எனவே எல்லா எண்ணையும் இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: கடைக்கோடிக் குடியிருப்பு, மற்றப் பகுதி. ரத்த அழுத்தம் கண்டறியப்பட்டவரில் ஆறு மாதம் கழித்தும் மருந்து எடுப்பவர் எத்தனை பேர், அளவு கட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர், இரு பகுதிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறதா? நலச் சமநீதி என்ற பெரிய வார்த்தையைத் திட்டத்தின் தலைப்பில் போட்டால் இந்தக் கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும்.

விளம்பரப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அகர வரிசையில் போடச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். ஆனால் புதிதாக ஒரு நிறுவனம் நிதி தர முன்வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேறு விஷயம். அந்த நிறுவனம் விற்கும் பொருளால் நீங்கள் தடுக்க நினைக்கும் நோய் வருமா என்று பாருங்கள். வருமென்றால் வேண்டாம். சர்க்கரை நோய்க்கான திட்டத்துக்கு இனிப்புப் பானம் விற்பவர் பணம் தருவது எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்தாலும் சரியல்ல.

இனி உங்கள் பயம். கேட்டால் நிறுத்திவிடுவார்களா?

ஒவ்வொருவருக்கும் இந்தத் திட்டம் எதற்குத் தேவை என்று எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்கு மாணவியர் களப்பயிற்சி பெற ஓர் இடம் வேண்டும். உள்ளாட்சிக்கு மேலிடத்துக்கு அனுப்ப அறிக்கை வேண்டும். மருத்துவமனைக்கு நற்பெயரும், ஓரளவு நோயாளிகளும் வேண்டும். இவற்றில் தவறு எதுவும் இல்லை. தன் தேவை என்ன என்று மறைக்காமல் சொல்லும் கூட்டாளியோடுதான் நெடுநாள் வேலை செய்ய முடியும். ஆனால் இந்த மூன்று தேவையும் நீங்கள் இல்லாமல் நிறைவேறாது. ஆகவே கெஞ்சும் குரலிலும் கேட்க வேண்டாம், சண்டை போடும் குரலிலும் கேட்க வேண்டாம். முதல் கூட்டத்தில் எல்லோரிடமும் ‘இந்தத் திட்டத்திலிருந்து உங்கள் நிறுவனத்துக்கு என்ன கிடைக்க வேண்டும்?’ என்று வெளிப்படையாகக் கேட்டு, அதை எழுதி வையுங்கள். உங்களுடையதையும் அருகிலேயே எழுதுங்கள். அங்கிருந்து பேச்சு தொடங்கினால் கசப்பு குறையும் என்பது என் அனுபவம்.

மூன்று தரப்பில் யாராவது ஒருவராவது உங்களுக்கு இணக்கமாக இருப்பார். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அது கல்லூரியின் களப்பயிற்சி ஆசிரியையாக இருக்கக்கூடும். முகாம் முடிந்த பிறகும் தங்கியிருந்து குறிப்பேட்டைச் சரிபார்த்தவர் அவர்தானே. கூட்டத்துக்கு முன்பே அவரைத் தனியாகப் பாருங்கள். கடைக்கோடிக் குடியிருப்புக்கு ஒரு மாலை நேரம் அழைத்துப் போங்கள். கூட்ட அறையில் பத்துப் பேர் முன்னால் ஒருவர் மனம் மாறுவது அபூர்வம். அந்தக் குறுகலான படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி, ஒரு வீட்டில் உட்கார்ந்து, மாத்திரை டப்பா ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டு அறிந்தவர் அதே அறையில் வேறு மாதிரி பேசுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் பாதி இடமும் தகவல் உரிமையும் தர மறுத்தால், மூன்றாண்டு ஒப்பந்தத்தை மறுத்துவிட்டு, ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆறு மாதத்துக்குக் கடிதப் பரிமாற்றம் செய்துகொள்ளுங்கள்: கடைக்கோடிக் குடியிருப்பில் மாதம் இருமுறை மாலை நேர ரத்த அழுத்தக் கண்காணிப்பு. அதற்குச் செவிலியர் வருவது கல்லூரியிடமிருந்து, மருந்து மருத்துவமனையிடமிருந்து, வீட்டுப் பட்டியல் உங்களிடமிருந்து. இடையில் விலக நினைப்பவர் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அதுவரை மருந்து நிற்கக் கூடாது என்ற வரியையும் சேருங்கள். மருந்தைத் தொடங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பாதிக்கப்படுவது கூட்டாளிகள் அல்ல.

வரைவு உங்கள் கையில்தானே இருக்கிறது? எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி அதை உங்கள் குழுவில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கேட்பவர்கள் ‘இது என்ன?’ என்று நிறுத்தும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். திருத்தம் கேட்க வேண்டிய பத்திகள் அவைதான். திருத்திய வரைவை எனக்கு அனுப்பினால், கையெழுத்துக்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.